வீணைக்காரர் வீட்டுக் கதை வசனம்

நான் எழுதத் தெரிந்தவன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. வரை கன்னடப் பள்ளியில் படித்தேன். தமிழ் எழுத்து சினிமா போஸ்டரிலும் வாரப் பத்திரிகையிலும் பழகிக்கொண்டதுதான். தொழிற்சாலைக்கு விடுப்புக் கடிதம் கன்னடத்தில் எழுதுவேன். சொந்தக்காரர்களுக்குத் தமிழில் இன்லண்ட் லெட்டர் போடுவேன். அதிலும் ஓரத்தில் மடிக்கிற பகுதி வரை எழுத எனக்கு ஒருநாளும் விஷயம் இருந்ததில்லை. அப்படிப்பட்டவன் இவ்வளவு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயமும் பெரியதல்ல. வீட்டில் நான் எந்த இசைத்தட்டைக் கேட்கிறேன் என்று நண்பர்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதனால் என் மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோகப் பார்த்தது.

நாங்கள் இருப்பது மைசூர் அக்ரஹாரத்தில், ஒரு கோயிலை ஒட்டிய சந்தில். வாடகை வீடு. முன்னால் ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலறை, பின்னால் படுக்கிற அறை. பின் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஆனால் அந்த வீட்டு வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் கோயிலைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். பதினோரு வருடத்தில் நாங்கள் ஒருநாளும் போனதில்லை. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் வீடு, ஒரு வயதான அம்மாள் தனியாக இருக்கிறார் என்று மட்டும் தெரியும்.

எனக்கு ஊதுபத்தித் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. மனைவி வீட்டோடு ஊதுபத்தி உருட்டுவாள். ஒரே மகள். பி.யு.சி. முடித்து ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளில் எல்லார் வீட்டிலும் கேசட் வந்துவிட்டது. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்கள்கூட ரெக்கார்டை விட்டுவிட்டார்கள். பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள் குஜரிக் கடைகளுக்கு வந்தன. பழைய சாமான் கடையை இங்கே குஜரி என்போம். அப்படி ஒரு கடையில் சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பிளேயர் ஒன்று வாங்கினேன். மூடியிலேயே ஸ்பீக்கர். நல்ல பெட்டிதான். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் மட்டும் தளர்ந்துபோயிருந்தது. அதனால் தட்டு சற்று மெதுவாகத்தான் சுற்றும். ஊசி தாண்டிக் குதிக்காமலிருக்க அதன் தலையில் நாலணா நாணயம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தேன். முதல் நாளிலிருந்து அப்படியே கேட்டதால் அது மெதுவாக ஓடுகிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு காலையில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். ஒருவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர். தமிழர், மைசூரிலேயே பிறந்தவர்; தமிழிலும் கன்னடத்து 'ரீ' போட்டுத்தான் பேசுவார். அவர் கடையில்தான் கூடுவோம். ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே ஸ்டூல் போடுவார். இன்னொருவர் ரிடையரான கன்னட ஆசிரியர். மேஷ்ட்ரு என்று கூப்பிடுவோம். மூவரிடமும் பிளேயர் இருந்தது. மைசூரில் அதை இன்னும் வைத்திருந்த மூன்று முட்டாள்கள் நாங்கள்தான் என்று வாட்ச்காரர் சொல்வார்.

எங்களுக்குள் ஒரே ஒரு வழக்கம். அந்த வாரம் வீட்டில் என்ன வைத்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்பதல்ல, என்ன கேட்டோம் என்பது. எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும். மற்றவருக்கு ஆசை வந்தால் ஒரு வாரம் இரவல் கொடுக்க வேண்டும். இதில் மேஷ்ட்ரு கண்டிப்பானவர். "கேட்டதைச் சொல்லுங்கள், கேட்க நினைத்ததைச் சொல்லாதீர்கள்" என்பார் கன்னடத்தில்.

நான் அங்கே போன முதல் ஞாயிறு இன்னொருவரும் வந்திருந்தார். யாரோ ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரர். அவர் தன் முறை வந்ததும், ஒரு படத்தின் கதை வசன ரெக்கார்ட் வைத்தேன் என்றார். சினிமாவில் வரும் பேச்சை மட்டும் எடுத்து அந்தக் காலத்தில் எல்.பி.யாகப் போடுவார்களே, அது. மேஷ்ட்ரு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதைக் கேட்பதும் பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பதும் ஒன்றுதான் சாமி. அதற்கு ரெக்கார்ட் எதற்கு? சுவரில் காதை வைத்தால் போதுமே."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கடைக்காரரும் சிரித்தார். பிறகு அவர் வரவில்லை.

அடுத்தது என் முறை. என்னிடம் அப்போது இரண்டே தட்டுகள். ஒன்று வீணை. இன்னொன்று கதை வசனம். அந்த வாரம் முழுக்க நான் கேட்டது கதை வசனம்.

"வீணை" என்றேன். "முதல் பக்கம்."

மேஷ்ட்ரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வீணைதான். சில வாரம் இரண்டாம் பக்கம் என்று மாற்றிச் சொல்வேன்.

"வீணெகே ரஜானே இல்வா?" என்பார் மேஷ்ட்ரு. வீணைக்கு விடுமுறையே கிடையாதா என்று.

"விடுங்க மேஷ்ட்ரே, ஒரே பொண்டாட்டி ஒரே வீணைன்னு இருக்காரு" என்பார் வாட்ச்காரர். எனக்கு வீணைக்காரர் என்றே பெயராகிவிட்டது.

உண்மையில் வீணைத் தட்டை மொத்தம் நாலைந்து தடவை வைத்திருப்பேன். கதை வசனத் தட்டுக்கு உறை இல்லை, நடு லேபிளில் படத்தின் பெயரும் கிழிந்துபோயிருந்தது. அது எந்தப் படம் என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. இரண்டு தட்டுள்ள செட்டில் முதல் தட்டு மட்டும்தான் குஜரியில் கிடைத்தது. ஒருவன் தன் மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்துகிறான். சாப்பாட்டுத் தட்டுகளை எறிகிறான். அவள் அழுகிறாள். குழந்தை அழுகிறது. அந்த இடத்தில் ஒரு கீறல் வேறு. "வெளியே போ" என்று அவன் சொல்லும்போது ஊசி மாட்டிக்கொண்டு, நாம் போய்த் தூக்குகிற வரை திரும்பத் திரும்ப அதையே சொல்லும். ஞாயிறு மாலை மனைவியும் மகளும் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போவார்கள். அப்போது வைப்பேன். எனக்கு அது ஏன் பிடித்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். அந்த ஆள் மனதில் வந்ததையெல்லாம் உரக்கச் சொல்லிவிடுகிறான். நான் சூப்பர்வைசரிடம் இருபது வருடத்தில் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று முனை பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருந்தது. அது பின் அறையில், அந்தப் பொதுச்சுவரில். பிளேயரைச் சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும். மூடியைத் திறந்தால் ஸ்பீக்கர் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

மகளுக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து ஜாதகத்தில் போயிற்று. மூன்றாவதாக மனைவியின் தங்கை கொள்ளேகாலிலிருந்து ஒன்று கொண்டுவந்தாள். பையன் எலெக்ட்ரீஷியன். கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பத்து நிமிடம் இரண்டு பேரும் தனியாகப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள், "எனக்குச் சரிப்பா" என்றாள். முந்தைய இரண்டுக்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை. ஜாதகமும் பொருந்தியிருந்தது. பத்து நாளில் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் மூன்று வாரமாகியும் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது வாரம் மனைவியின் தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"நீங்க எங்க அக்காவ அடிக்கறீங்களா?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். கையில் கரண்டி. "யாரு, இவரா?" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "பாலுக்காரன் தண்ணி ஊத்தறான்னு அவன்கிட்ட கேளுங்கன்னு நாலு மாசமா சொல்றேன். அதுக்கே இவருக்கு வாய் வரல."

"சிரிக்காதக்கா. பையனோட தாய்மாமன் வந்து விசாரிச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சண்டையாம். வெளிய போ வெளிய போன்னு பத்து தடவ கத்தறாராம். பாத்திரமெல்லாம் பறக்குதாம். குழந்தைகூட அழுவுதாம்."

"நம்ம வீட்ல ஏதுடி குழந்தை?"

"அக்கம்பக்கத்துக் குழந்தை பயந்து அழுததுன்னு நெனச்சிருப்பாங்க. சும்னே சொல்வாங்களா? குடிக்கற வீடு போலிருக்கு, வேணாம்ங்கறாங்க."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. மடித்து முடித்து எழுந்தாள்.

"இது நடக்கலன்னா இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்க சித்தி" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சித்தி போன பிறகு மனைவியிடம் சொன்னேன். அது அந்த ரெக்கார்ட் என்று. அவள் அதைக் கேட்டதே இல்லை. வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. "அப்போ போய்ச் சொல்லுங்க" என்றாள். "நீங்கதான் போகணும். நான் போய் என் வீட்டுக்காரர் அடிக்கலன்னு சொன்னா எவன் நம்புவான்? அடி வாங்கறவதான் அப்படிச் சொல்லுவா."

விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கொள்ளேகால் பஸ் ஏறினேன். மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் கூட்டம். நின்றுகொண்டே போனேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கியதும் பாதி மறந்துபோயிற்று.

தாய்மாமனுக்கு அங்கே மளிகைக் கடை. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், நரைத்த மீசை. என்னைக் கண்டதும் முகம் இறுகினாலும், "வாங்க, உக்காருங்க" என்று மூட்டையைக் காட்டினார்.

"அது ரெக்கார்டுங்க" என்றேன். வேறொன்றும் வரவில்லை.

"எதுங்க?"

சண்டை என்று நீங்கள் கேள்விப்பட்டது சினிமா வசனம், என் வீட்டில் ஓடிய இசைத்தட்டு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் தராசை இறக்கி வைத்தார்.

"ஏனுங்க, நான் முப்பது கல்யாணத்துக்கு வெசாரிச்சவனுங்க. பொண்ணு வீட்டுக்கு முன்பக்கம் நான் வெசாரிக்கறதே இல்ல. முன்பக்கத்துக்காரன் மூஞ்சியப் பாத்து நல்லதுதான் சொல்லுவான். பின்பக்கம் போவோணும். பின்பக்க வீட்ல தண்ணி குடிக்கக் கேட்டனுங்க. அந்தம்மா கண்ணுல தண்ணி வெச்சுட்டுச் சொன்னாங்க. அவங்களுக்கு உங்க மேல என்ன பகை?"

"பகை இல்லீங்க. ரெக்கார்டுதானுங்க."

"செரி. அப்பறம் எதுக்கும் இருக்கட்டும்னு கடத்தெருவுல உங்க சினேகிதர் வாட்ச் கடையிலயும் கேட்டனுங்க. உங்களுக்கு ரெக்கார்ட் பழக்கம்னு அவருதான் சொன்னாரு. ரெண்டு வருசமா வீணையத் தவிர வேற ரெக்கார்டே அந்த வீட்ல வெக்க மாட்டாருன்னு அடிச்சுச் சொன்னாரு. இப்ப நீங்க வந்து சண்டை ரெக்கார்டுங்கறீங்க. நான் எதைங்க நம்பறது?"

பொய்யைச் சொன்னது நான். அதை உண்மை என்று நம்பிச் சொன்னவர் வாட்ச்காரர். இப்போது உண்மை பொய் மாதிரி நின்றது.

அவர் பருப்பைப் பொட்டலம் கட்டி ஓரமாக வைத்தார். கெட்ட மனிதர் அல்ல. "ஒண்ணு பண்ணலாமுங்க. அடுத்த ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு வாறேன். உங்க வீட்டுக்கு இல்ல, அந்தம்மா வீட்டுக்கு. நீங்களும் உங்க வீட்டம்மாவும் அங்க எங்கண்ணு முன்னால நிக்கோணும். அந்த வாட்ச் கடைக்காரரே உங்க வீட்ல ரெக்கார்ட் போடட்டும். எது பொய்யின்னு தெரிஞ்சுபோயிரும்."

இடையில் ஒரு ஞாயிறு இருந்தது. கடைக்குப் போனேன். மேஷ்ட்ரு ஒரு சிதார் சொன்னார். வாட்ச்காரர் பழைய பாட்டு ஏதோ சொன்னார். "வீணைக்காரரே, உங்களைக் கேக்கவே வேணாம்" என்றார்.

"கதை வசனம்" என்றேன்.

"யாரு வெச்சாங்க?"

"நான்தான். போன வாரமும் அதுதான். அதுக்கு முந்தியும்."

எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நேரம் பேசினேன் என்று தெரியாது. வாட்ச்காரர் முதலில் விழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, நல்லது பண்றதா நெனச்சு நானல்லவா கெடுத்திருக்கேன்! அந்த ஆளு வந்தப்போ எவ்வளவு கெத்தா சொன்னேன் தெரியுமா ரீ, அவர் வீட்ல வீணையத் தவிர ஈ பறந்தாகூடச் சத்தம் வராதுன்னு!"

மேஷ்ட்ரு கண்ணாடியைக் கழற்றி மடித்தார். ஸ்டூலிலிருந்து எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "கேட்ட ரெக்கார்டைச் சொல்வதில்கூட உண்மை இல்லையென்றால் நாம் இங்கே எதற்கு உட்காருகிறோம்?" என்று கன்னடத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போனார். அதன்பிறகு இரண்டு மாதம் அவர் வரவில்லை.

பின்வீட்டு அம்மாளிடம் அனுமதி கேட்க மனைவிதான் போனாள். திரும்பி வரும்போது அவள் சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"கதவத் தொறந்து, யாரு நீன்னாங்க. சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு மாமின்னேன். என் குரலக் கேட்டதும், நீதானேம்மா அதுன்னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க. முழங்கை வரைக்கும் தூக்கிப் பாத்தாங்க, காயம் இருக்கான்னு. ரெக்கார்டுன்னு எவ்வளவோ சொன்னேன். ஆமாம்மா ஆமாம்மாங்கறாங்களே தவிர நம்பல."

மனைவிக்குக் கட்டைக் குரல். அந்த ரெக்கார்டில் பேசும் பெண்ணுக்கு எப்படியோ தெரியாது, என் பிளேயரில் அவளுக்கும் கட்டைக் குரல்தான்.

சொன்னபடி ஞாயிறு மாலை தாய்மாமன் வந்தார். நானும் மனைவியும் கோயிலைச் சுற்றிக்கொண்டு அவரோடு பின்வீட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டில் வாட்ச்காரரும் மகளும். ஐந்தரைக்குச் சரியாகத் தட்டைப் போட வேண்டும் என்று ஏற்பாடு. வாட்ச்காரருக்கு நேரம் தப்பாது.

அந்த அம்மாள் எங்களை உள்ளே விட்டார். ஒன்பது கெஜம் கட்டிய மெலிந்த உருவம். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உக்காருங்கோ. தீர்த்தம் கொண்டு வரட்டுமா?" என்று தாய்மாமனிடம் மட்டும் கேட்டார். மனைவியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் நின்றேன். சுவரில் ஒரு பெருமாள் படம். அதற்குக் கீழே அகல் எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு மறுபக்கம் என் படுக்கை.

ஐந்தரை ஆயிற்று. தட்டில் ஊசி விழும் கரகரப்பு கேட்டது. பிறகு வயலின். எனக்கு உடனே தூக்கிவாரிப்போட்டது. வயலின் துள்ளிக்கொண்டு போயிற்று. அப்படி ஒரு சுத்தமான வயலினை அந்தத் தட்டில் நான் கேட்டதே இல்லை. பிறகு அந்த ஆள் பேசினான். இளைஞன். தெளிவான குரல். சினிமாக் குரல்.

அம்மாள் காதைச் சாய்த்துக் கேட்டார். தலையை அசைத்தார்.

"இது இல்லையே. இது யாரோ டிராமாக்காரன் மாதிரின்னா இருக்கு. அவர் குரல் இப்படி இல்லை. கட்டையா, ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்துப் பேசுவர். குடிச்சவா பேசறாப்பலே."

தாய்மாமன் என்னைப் பார்த்தார். "ஏனுங்க?" என்றார்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாட்ச்காரர் முன்னதாகவே வந்து பிளேயரைத் திறந்து பார்த்திருக்கிறார். மெதுவாக ஓடும் எதையும் அவரால் சும்மா விட முடியாது. பெல்ட்டை இழுத்துக் கட்டிச் சரிசெய்துவிட்டார்.

மனைவி என்னையே பார்த்தாள். ஏதாவது செய்யுங்கள் என்ற பார்வை. நான் சுவருக்கு அருகில் போனேன்.

"வாட்ச்காரரே!" என்று கத்தினேன். "தட்டு மேல விரலை வையுங்க!"

என் குரல் பாதியில் உடைந்து கீச்சென்று போயிற்று. நான் கத்தி யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. தாய்மாமனின் மீசை அசைந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து, "என்னாது ரீ?" என்றார் வாட்ச்காரர்.

"விரலு! ரெக்கார்ட் மெதுவா ஓடணும்! விரலை வையுங்க!"

"ஓடற ரெக்கார்ட் மேல விரலா? உங்களுக்குப் பைத்தியமா? அரை மணி நேரம் போராடிச் சரி பண்ணியிருக்கேன்!"

"அப்பா சொல்றத செய்யுங்க மாமா!" இது மகளின் குரல். கொஞ்சம் சத்தம், ஏதோ உரசியது. "நகருங்க, நான் வெக்கறேன்."

அந்த ஆளின் குரல் அப்படியே கீழே இறங்கியது. தடித்தது. இழுத்தது. வயலின் முனகலாகிவிட்டது. பாத்திரங்கள் உருண்டன. பெண் அழுதாள், மனைவியின் குரலில். குழந்தை கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. பிறகு, "வெளியே போ, வெளியே போ, வெளியே போ."

"இதேதான்!" அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "அய்யோ பெருமாளே, இதேதான்!"

மனைவியைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருந்தது. என்னைப் பார்த்தார். முதல்முறையாக நேராகப் பார்த்தார். சுவருக்கு அப்பால் அவன் இன்னும் வெளியே போ என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

தாய்மாமன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "அம்மா, ரெக்கார்டக்கூட விடுங்க. இப்ப இவரு கத்துனதக் கேட்டீங்கல்ல? அந்தத் தொண்டைல ஒரு பூனைய வெரட்ட முடியுமா?"

"தப்பா சொல்லிட்டேன்" என்றார் அம்மாள் மெதுவாக. "ஒரு பொண்ணோட கல்யாணத்தைக் கெடுக்கப் பாத்துட்டேன். எனக்கு சினிமா பாத்து வழக்கமில்லை. ஞாயித்துக்கிழமை வந்தா, இன்னிக்கு அவளுக்கு ஒண்ணும் ஆயிடப்படாதுன்னு நாலு மணிக்கே விளக்கேத்தி வெச்சுட்டு உக்காந்துண்டிருப்பேன்."

மகள் ஊசியைத் தூக்கிவிட்டாள் போலிருக்கிறது, சத்தம் நின்றது.

கிளம்பும்போது அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் அவ என்ன ஆனா?"

"யாரு மாமி?"

"அதான், அந்தப் பொண்ணு. கொழந்தையோட வெளிய போனாளே."

எனக்குத் தெரியாது. இரண்டாவது தட்டு என்னிடம் இல்லை. மனைவி யோசித்தாள். அந்தப் படத்தைச் சின்ன வயதில் அவள் பார்த்திருக்கிறாளாம். இப்போதுதான் குரல்களை வைத்து அடையாளம் தெரிந்ததாம்.

"சேந்துருவாங்க மாமி. அவன் தேடிக்கிட்டு வந்து கால்ல விழுவான்."

"அவனோடயா?" என்றார் அம்மாள். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது.

தாய்மாமன் எங்கள் வீட்டுக்கும் வந்து காப்பி குடித்தார். வாட்ச்காரரிடம், "நீங்க சொன்னது பொய்யும் இல்ல, நெசமும் இல்லீங்க" என்றார். வாட்ச்காரர், "எனக்கு வந்த செய்தி அதுங்க" என்று என்னைக் காட்டினார். தாய்மாமன் என் மகளைக் கூப்பிட்டு என்ன படித்திருக்கிறாய் என்று, தெரிந்ததையே மறுபடி கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவள் விரல் நுனியில் ரெக்கார்டின் கறுத்த தூசி லேசாக ஒட்டியிருந்தது. அதைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள்.

சரி என்று அவர் சொல்லவில்லை. "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க" என்று சொல்லிவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அது பெண் வேண்டாம் என்றாலும் சொல்கிற வார்த்தைதான். நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். வழியில் மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். நான் ஆமாம் என்றேன். திரும்பி வந்தபோது மகள் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாருப்பா?"

"கலந்துக்கிட்டுச் சொல்றாங்களாம்."

"ம்" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. எனக்குக் காலை ஷிஃப்ட். மதியம் மூன்று மணிக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. கொள்ளேகாலிலிருந்து பத்து மணிக்குத் தன் கடைக்கு போன் வந்தது, வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்ற வருகிறார்களாம் என்று முனைக் கடைக்காரர் சொன்னார். மனைவியும் மகளும் புடவை எடுக்கப் போயிருந்தார்கள். சாவி அவரிடம் இருந்தது. வாங்கித் திறந்துகொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.